அத்தர் நானாவும் கிராஸ் நகரத்து மூக்கும்

2021 ஆகஸ்ட் மாதம். கொழும்பில் டெல்டா அலை உச்சத்தில் இருந்த நாட்கள். மூன்று நாள் காய்ச்சல் அடித்து ஓய்ந்திருந்தது. நான்காம் நாள் காலையில் மனைவி கொண்டுவந்து வைத்த தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, "இஞ்சி போடவில்லையா?" என்று கேட்டேன். ஒரு விரல் நீள இஞ்சியைத் தட்டிப் போட்டதாகச் சொன்னார். மறுபடியும் குடித்தேன். நிறம் இருந்தது, சூடு இருந்தது, இனிப்பும் இருந்தது. தேநீரைத்தான் காணவில்லை.

எழுந்து சமையலறைக்குப் போனேன். கராம்புப் போத்தலைத் திறந்தேன்; ஒன்றுமில்லை. ஏலக்காயை நசுக்கினேன், ஒன்றுமில்லை. கடைசியில், பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, பொலித்தீன் பைக்குள் வைத்து, அதன் வாயையும் இறுகக் கட்டி வைத்திருந்த கருவாட்டுப் பொதியைப் பிரித்தேன். அயல்வீட்டுக்காரர்கள் யன்னலைச் சாத்துமளவுக்கு வீரியமான சாமான் அது. அதற்கும் மணம் இல்லை. மன்னாரில் பிறந்த ஒருவனுக்குக் கருவாட்டின் மணம் தெரியாமற் போவது என்பது அவனுடைய பெயர் அவனுக்கே மறந்து போவது போன்றது. சமையலறை நிலத்தில் அப்படியே அமர்ந்துவிட்டேன்.

வைத்தியர் பதறவில்லை. பலருக்கும் இப்படித்தான், மெல்ல மெல்ல வரும் என்றார். அதுவரை மூக்குக்கும் பயிற்சி வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். ரோஜா, எலுமிச்சை, கராம்பு, யூக்கலிப்டஸ். காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் சில விநாடிகள் முகர வேண்டும். முகரும்போது அந்த மணத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் தோமஸ் ஹம்மல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட முறை அது. கொரோனா அதை உலகமெங்கும் வீட்டு வைத்தியமாக்கிவிட்டது. நான்கு சிறு போத்தல்களை மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு தினமும் இரண்டு வேளை உட்கார்ந்தேன். செபம் செய்பவரைப் போல இருக்கிறது என்று மகள் சொன்னாள். செபத்திலாவது கேட்பதற்கு யாரோ இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை உண்டு. இந்தப் போத்தல்களுக்கு முன்னால் எனக்கு அதுவும் இருக்கவில்லை.

இதைக் கேள்விப்பட்ட பாரிஸ் நண்பர் ஒருவர், பகிடியாகவோ ஆறுதலாகவோ தெரியவில்லை, ஒரு புத்தகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை அனுப்பி வைத்தார். வாசனைத் திரவியங்களை உருவாக்கும் ஒருவரின் நாட்குறிப்பு. பிரெஞ்சு மூலம் 2011இல் வெளிவந்தது. எழுதியவர் ழான் குளோட் எலெனா. மணமே தெரியாதவனுக்கு மணத்தைப் பற்றிய புத்தகம்! ஆனால் அந்த மாதங்களில் நான் அடைந்த பெரிய ஆறுதல் அதுதான். மணத்தை இந்த மனிதர் மூக்கால் அல்ல, எழுத்தால் தொடங்குகிறார் என்பது அதைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

* * *

எலெனா 1947இல் பிரான்சின் தென்பகுதியிலுள்ள கிராஸ் என்ற ஊரில் பிறந்தவர். நமக்கு முத்து என்றால் மன்னார்க் கடல் என்பது போல, பிரெஞ்சுக்காரர்களுக்கு வாசனை என்றால் கிராஸ். ஒருகாலத்தில் தோல் பதனிடும் ஊராக இருந்து, தோலின் துர்நாற்றத்தை மறைக்கக் கையுறைகளுக்கு நறுமணம் பூசத் தொடங்கி, பின்னர் தோலைக் கைவிட்டு மணத்தை மட்டும் வைத்துக்கொண்ட ஊர் அது. தந்தையும் வாசனைக் கலைஞர். சிறு வயதில் பாட்டியோடு வயலுக்குப் போய் மல்லிகை பறித்து ஆலைகளுக்கு விற்றிருக்கிறார். அங்கு விளைவது நாம் பிச்சி என்றும் சாதிமல்லி என்றும் சொல்லும் இனம்.

பதின்ம வயதிலேயே கிராஸில் இருந்த அன்ட்வான் ஷிரிஸ் என்ற பழம்பெரும் வாசனை எண்ணெய் ஆலையில் தொழில் பழகச் சேர்ந்துவிட்டார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. மூட்டை மூட்டையாக வரும் பூவும் வேரும் பட்டையும் கொப்பரையில் வெந்து துளித்துளியாக எண்ணெயாவதைப் பார்த்து வளர்ந்தவர். 1968இல் ஜிவொடான் நிறுவனம் ஜெனீவாவில் தொடங்கிய வாசனைக் கலைப் பள்ளியில் சேர்ந்தார். மூன்றாண்டுப் படிப்பை ஒன்பது மாதங்களிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

1976இல், இருபத்தொன்பது வயதில், வான் கிளீஃப் அண்ட் ஆர்பெல்ஸ் என்ற நகை நிறுவனத்துக்காக 'ஃபெர்ஸ்ட்' என்ற வாசனையைப் படைத்தார். அது பெரும் வெற்றி. வேறொருவராக இருந்தால் அந்த ஒன்றையே ஆயுள் முழுவதும் பேசிக்கொண்டிருப்பார். எலெனாவோ பின்னாளில் அதைப் பற்றிச் சற்றுக் கூச்சத்துடன்தான் எழுதுகிறார். செல்வம், பெண்மை, அதிகாரம் என்று அக்காலச் சந்தை எதையெல்லாம் வாசனையாக எண்ணியதோ, அத்தனையையும் திரட்டிச் சேர்த்து அடுக்கியது அது என்பது அவருடைய கணிப்பு. தன்னுடைய முதல் வெற்றியைத் தன்னுடையதல்ல என்று உணர்ந்த இடத்திலிருந்துதான் அவருடைய உண்மையான தொழில் வாழ்க்கை தொடங்குகிறது.

வழி காட்டியவர் எட்மொன் ரூட்னிட்ஸ்கா என்ற மூத்தவர். 1956இல் 'டியோரிசிமோ', 1966இல் 'ஓ சொவாஜ்' ஆகியவற்றை உருவாக்கியவர். வாசனையைச் சமையற்குறிப்பாக அல்லாமல் ஒரு கலைப் படைப்பாகக் கருத வேண்டும், குறைவான பொருட்களால் தெளிவான வடிவம் தர வேண்டும் என்று எழுதியும் செய்தும் காட்டியவர். அந்தப் பாதையில் எலெனா இன்னும் தூரம் போனார். இன்றைய வாசனைக் கலைஞர் ஒருவரின் அலமாரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலப்பொருட்கள் இருக்கும். எலெனா ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து இருநூறுக்கும் குறைவாக்கிக்கொண்டார்.

2004இல் எர்மெஸ் நிறுவனம் அவரைத் தன்னுடைய தனி வாசனைக் கலைஞராக நியமித்தது. பாரிஸில் அல்லாமல், கிராஸுக்கு மேலேயுள்ள கப்ரி என்ற மலைக் கிராமத்தில், கடல் தெரியும் வீட்டிலிருந்து வேலை செய்தார். 2006இல் வந்த 'தேர் த எர்மெஸ்' உலகெங்கும் விற்றது. 2016இல் பொறுப்பை கிறிஸ்டின் நாஜெல் என்பவரிடம் ஒப்படைத்து விலகினார். வாழ்க்கை வரலாறு இவ்வளவுதான். இனி வருவது அவருடைய கைவரிசை. அதற்கு முன் இன்னொருவரைச் சொல்லியாக வேண்டும். எலெனாவைப் படிக்கப் படிக்க என் நினைவில் வந்து நின்றவர் அவர்தான்.

* * *

மன்னார்க் கடைத்தெருவில், வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன்பும் பெருநாள் காலங்களிலும், ஒரு மரப்பெட்டியோடு வந்து உட்காருவார் அத்தர் நானா. எருக்கலம்பிட்டிக்காரர். பெட்டியைத் திறந்தால் பச்சை வெல்வெற் துணியில் குழிகள். குழிக்கொன்றாகக் கண்ணாடிக் குப்பிகள். ரோஜா, மல்லிகை, தாழம்பூ, சந்தனம், வெட்டிவேர், ஊத். தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்குமிடையே 'இராமானுஜம்' கப்பல் ஓடிய காலம் அது. அக்கரையிலிருந்து வந்துபோகும் வியாபாரிகள் மூலம் குப்பிகள் வந்து சேரும். 1984இல் கப்பல் நின்றபின் கொழும்பிலிருந்து எடுப்பித்தார்.

என் தந்தை பள்ளிக்கூட ஆசிரியர். அவருக்கு வாசனைகளில் நாட்டமில்லை. ஆனால் அத்தர் நானாவோடு நின்று கதைக்காமல் கடைத்தெருவைத் தாண்டமாட்டார். கதை நீளும்போது நான் பெட்டியருகே குந்திவிடுவேன். கண்ணாடிக் குச்சியின் நுனியால் என் புறங்கையில் ஒரு பொட்டு வைப்பார். நான் உடனே மூக்கருகே கொண்டுபோவேன். கையைத் தட்டிவிடுவார்.

"அவசரப்படாதீங்க தம்பி. முதல் மணம் பொய் சொல்லும். ஊட்டுக்குப் போய்ச் சேருங்க. அங்க என்ன மணக்குதோ, அதுதான் இது."

வாசனைக் கலையின் முதற் பாடம் இதுதான் என்று நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு புத்தகத்தில் படித்தேன். எளிதில் ஆவியாகும் பொருட்கள் முதலில் எழுந்து சில நிமிடங்களில் பறந்துவிடும். அடுத்து நடுப்பகுதி வரும். மணித்தியாலங்கள் கழித்தும் தோலில் தங்கியிருப்பது அடிமணம். கடையில் நின்று முகர்ந்து வாங்குபவர் முதற் பத்து நிமிடத்துக்கே காசு கொடுக்கிறார். மூன்று குப்பிகளுக்கு மேல் யாருக்கும் அத்தர் நானா முகரக் கொடுக்கமாட்டார். அதன் பிறகு மூக்கு களைத்துவிடும் என்பார். இடையில் தன்னுடைய சட்டைக் கையையே மோந்து பார்த்துக்கொள்வார். தன் சொந்த மணத்துக்குத் திரும்பி வந்தால்தான் அடுத்த மணம் தெரியும் என்பது அவருடைய விளக்கம்.

கலந்து கொடுப்பதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. கல்யாண மாப்பிள்ளைகள் வந்து எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்பார்கள். இவர் இரண்டை மட்டும் எடுப்பார். மூன்றாவதைச் சேர்ப்பதென்றால் ஏதோ கடன் வாங்குவதுபோல யோசிப்பார். "கூடப் போட்டாக் கூட மணக்கும் எண்டு நினைக்கிறாங்க மாஸ்டர். கூடப் போட்டா ஒண்டை ஒண்டு தின்டுடும்" என்று தந்தையிடம் சொன்னது நினைவிருக்கிறது.

* * *

எலெனாவின் நாட்குறிப்பில் வாசகர்களுக்காக அவர் எழுதியிருக்கும் சிறு சூத்திரங்கள் உண்டு. சொக்கலேட்டின் மணத்தை ஆராய்ந்தால் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகள் தென்படும். எலெனாவுக்கு இரண்டு போதும். ஐசோபியூட்டைல் பீனைல் அசிற்றேற், வனிலின். இரண்டையும் தனித்தனித் தாள்நுனிகளில் தோய்த்து, சேர்த்துப் பிடித்து விசிறினால், சொக்கலேட். வனிலினோடு எதைல் மோல்ற்றோலைச் சேர்த்தால் திருவிழாப் பஞ்சு மிட்டாய். அசலை அப்படியே நகலெடுப்பது அவருடைய நோக்கமல்ல. மூளை எதைக்கொண்டு ஒரு மணத்தை அடையாளம் காண்கிறதோ, அதை மட்டும் கொடுத்துவிட்டால் மீதியை மூளையே நிரப்பிக்கொள்ளும்.

இதே வழியில்தான் அவர் தேநீரையும் பிடித்தார். இலங்கையில் பிறந்தவன் என்ற முறையில் இந்தக் கதையில் எனக்கு ஒரு தனிப் பிரியம். பாரிஸில் மரியாஜ் ஃபிரேர் என்ற பழைய தேயிலைக் கடை இருக்கிறது. அங்கே போய்த் தேயிலைப் பேணிகளைத் திறந்து திறந்து முகர்ந்திருக்கிறார். தேயிலையிலிருந்து எதையும் வடிக்கவில்லை. பூவின் சாயலுள்ள அயனோனையும், மல்லிகையின் காற்றோட்டமான பக்கத்தை மட்டும் தரும் ஹெடியோனையும் ஒன்றோடொன்று நிறுத்தினார். தேநீர் வந்துவிட்டது. அந்த எண்ணத்தைப் பெரிய நிறுவனங்களிடம் கொண்டுபோனபோது அவர்கள் அதை ஏற்கவில்லை. கடைசியில் புல்கரி என்ற நகைக்கடை தன் கடைகளுக்கென்று ஒரு வாசனை கேட்டபோது அது வெளியே வந்தது. 1992இல் அப்படி வந்த 'ஓ பர்ஃபுமே ஓ தே வேர்' பின்னர் ஒரு முழுத் தலைமுறையின் போக்கையே மாற்றியது. கனத்த, அறையை நிறைக்கும் வாசனைகள் கோலோச்சிய எண்பதுகளுக்குப் பிறகு, தண்ணீர்போலத் தெளிந்த ஒன்று.

இந்தத் தெளிவைக் குறையாகச் சொல்பவர்களும் உண்டு. இவ்வளவு விலை கொடுத்து வாங்கினால் சிறிது நேரத்தில் மறைந்துவிடுகிறதே, கழுவிய தண்ணீர் போல இருக்கிறதே என்று கேட்கிறார்கள். அத்தர் நானாவும் ஒருவேளை அப்படித்தான் சொல்லியிருப்பார். அவருடைய சரக்கு எண்ணெய், மதுசாரம் கலவாதது, ஒரு பொட்டு வைத்தால் மறுநாள் தோய்க்கப்போட்ட சட்டையிலும் இருக்கும். ஆனால் அளவைக் குறைப்பது வேறு, எண்ணிக்கையைக் குறைப்பது வேறு. எண்ணிக்கையைக் குறைப்பதில் இருவரும் ஒரே பள்ளிக்கூடம்.

எலெனாவின் இன்னொரு பழக்கம் என்னை மிகவும் பாதித்தது. அவர் மேசையில் குப்பிகளை அடுக்கிவைத்துக் கலந்துகொண்டிருப்பவரல்ல. வெள்ளைத் தாளில் பொருட்களின் பெயர்களையும் அளவுகளையும் எழுதுகிறார். மணத்தை மனதில் கேட்கிறார். உதவியாளர் அதை நிறுத்துக் கலந்து கொண்டுவருகிறார். முகர்கிறார், திருத்துகிறார், மறுபடி எழுதுகிறார். பல நாள் கிடப்பில் போட்டுவிட்டுத் திரும்பி வருகிறார். அதாவது, அவருடைய மூக்கு ஒரு சரிபார்ப்பவர்தான், எழுதுவது நினைவு. மூக்கு வேலை செய்யாத நாட்களில் இதைப் படித்தபோது, என் நான்கு போத்தல்களுக்கு முன்னால் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

* * *

2005இல் வெளிவந்த 'நைல் நதித் தோட்டம்' என்ற வாசனை உருவான கதை பத்திரிகையாளர்களுக்கு உரியது. சாண்ட்லர் பர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அதைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்து எழுதியிருக்கிறார். எர்மெஸ் பெயரைத் தந்துவிட்டது. மணத்தைத் தேடி எகிப்தின் அஸ்வான் நகருக்குப் போகிறார் எலெனா. மல்லிகை, தாமரை, வாசனைச் சாமான் கடைகள் என்று எல்லோரும் எதிர்பார்க்கும் எகிப்தெல்லாம் அங்கே இருந்தது. எதுவும் அவரைத் தொடவில்லை. பின்னர் ஒருநாள் நதியோரத்து மாமரங்களில் பச்சை மாங்காய் தொங்குவதைக் கண்டார். காம்பை ஒடித்தால் கசியும் அந்தப் பாலின் புளிப்பும் பிசின் வாடையும் அவருக்குப் போதுமாயிருந்தது. ஊருக்குத் திரும்பி, மாங்காயிலிருந்து ஒரு துளியும் எடுக்காமல், மாங்காயை எழுதினார்.

நான் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உப ஆசிரியர் மேசையில் உட்கார்ந்தவன். நிருபர்கள் 1,000 சொற்களில் அனுப்புவதை 300 ஆக்குவது என் தொழில். வெட்டுவதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. எலெனாவைப் படித்தபோது முதலில் வந்தது சகதொழிலாளியின் மகிழ்ச்சி. மனிதர் நம்முடைய ஆள் என்று எண்ணினேன். பிறகுதான் ஒரு விடயம் உறைத்தது. அவர் வெட்டுவது எதை, விடுவது எதை? மல்லிகையையும் தாமரையையும் வெட்டி, யாரும் பொருட்படுத்தாத மாங்காயை விடுகிறார். நான் எதை வெட்டினேன், எதை விட்டேன்?

* * *

1990 அக்டோபரில் நான் ஊரில் இல்லை, பல்கலைக்கழகத்தில் இருந்தேன். அந்த மாத இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். 70,000க்கும் மேற்பட்டோர் சில நாட்களுக்குள் வெளியேறினார்கள். கையில் கொண்டு செல்லக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு, மன்னார்த் தீவின் மக்கள் பலர் படகுகளில் கற்பிட்டிக் கரையில் போய் இறங்கினார்கள். அதே ஆண்டு போருக்குத் தப்பி எங்கள் ஆட்களும் படகேறி இராமேஸ்வரம் போயிருந்தார்கள். ஒரே தீவு, இரண்டு திசைகளில் படகுகள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எங்களை விரட்டியது போர். அவர்களை விரட்டியது எங்கள் பெயரால் பேசியவர்கள். நாங்கள் பலரும் வாய் திறக்கவில்லை.

1997இல், பத்திரிகையாளனாகி, புத்தளம் பக்கத்து முகாம்களைப் பற்றி எழுதப் போனேன். ஏழு ஆண்டுகள் கழிந்தும் கிடுகுக் கொட்டில்களில்தான் வாழ்க்கை. அங்கே, ஒரு கொட்டிலின் வாசலில், அத்தர் நானாவைக் கண்டேன். என் தந்தையின் பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். "மாஸ்டர்ட மகனா? மாஸ்டர் சுகமா இருக்காரா?" தந்தை இறந்த செய்தியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தேத்தண்ணி வந்தது.

பெட்டி எங்கே என்று கேட்டேன். படகில் ஆட்களுக்கே இடம் இல்லாதபோது பெட்டிக்கு எங்கே இடம் என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். சிறுவிரல் நீளம்தான். உள்ளே எதுவும் இல்லை; எப்போதோ தீர்ந்துவிட்டது. மூடியைத் திருகி என்னிடம் நீட்டினார். இந்த முறை கையைத் தட்டிவிடவில்லை. அடியில் மிக மெல்லிதாக, மழையில் நனைந்த மண் மணத்தது.

மண் அத்தர். வட இந்தியாவின் கன்னௌஜ் நகரில் செய்வது. வெந்த களிமண்ணைச் செப்புக் கொப்பரையில் இட்டு, தண்ணீர் சேர்த்து மூடி, அடியில் விறகெரித்து, எழும் ஆவியை மூங்கிற் குழாய் வழியாகச் சந்தன எண்ணெய்க்குள் இறக்குவார்கள். மழை மணத்துக்கு அறிவியல் ஒரு பெயர் வைத்ததே 1964இல்தான். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த இசபெல் ஜோய் பெயர், ரிச்சர்ட் தோமஸ் என்ற இருவர் அதற்குப் 'பெட்ரிகோர்' என்று பெயரிட்டார்கள். காய்ந்த மண்ணும் கல்லும் தேக்கிவைத்த எண்ணெய்ப் பொருட்களை ஈரம் விடுவிப்பதால் எழுவது அது என்று எழுதிய அவர்களே, இந்தியாவில் அதை அத்தராக வடிக்கிறார்கள் என்பதையும் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

"மற்றக் குப்பியெல்லாம் விக்கிறதுக்கு. இது எனக்கு" என்றார் நானா. பிறகு கேட்டார்: "ஊர்ல மழை பெஞ்சிட்டுதா தம்பி?"

அப்போது ஊருக்குப் போய்வர எனக்கும் வழியிருக்கவில்லை. தெரியாது நானா என்றேன்.

"இங்கயும் மழை பெய்யுது. ஆனா இந்த மண்ணு வேற மாதிரி மணக்குது" என்றார்.

கொழும்புக்குத் திரும்பிக் கட்டுரை எழுதினேன். 600 சொற்கள். குடும்பங்களின் எண்ணிக்கை, நிவாரண அரிசியின் அளவு, குடிநீர்ப் பிரச்சினை, அதிகாரிகளின் பதில். எல்லாம் சரியான தகவல்கள். அத்தர் நானாவைப் பற்றிய பந்தி 70 சொற்கள் வந்திருந்தது. இடம் போதவில்லை. ஆசிரியர் வெட்டவில்லை, நானே வெட்டினேன். அது செய்தியல்ல என்று எனக்குத் தோன்றியது. உள்ளூர ஒரு பயமும் இருந்தது. எண்ணிக்கையை எழுதினால் யாரும் என்னைக் கோபிக்கமாட்டார்கள். சட்டைப் பையில் ஊரை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை எழுதினால், அவரை அங்கே கொண்டுவந்து விட்டது யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியின் வாடை எனக்கும் ஒட்டும்.

மாங்காயை வெட்டிவிட்டுத் தாமரையை அச்சேற்றினேன்.

* * *

வாடை என்றதும் இன்னொன்று. பழந்தமிழில் 'நாற்றம்' என்றால் நறுமணம். பின்னர்தான் அந்தச் சொல் துர்நாற்றத்தின் பக்கம் சாய்ந்தது. வாசனைக் கலைஞர்களுக்கு இந்த இரண்டு பொருளும் தெரியும். மல்லிகையின் மயக்கத்துக்குக் காரணமான பொருட்களுள் ஒன்றான இண்டோல், மலத்திலும் இருப்பது. அதை முற்றாக நீக்கினால் மல்லிகை உயிரிழந்துவிடும்.

எங்கள் கரைக்கும் இது புதிதல்ல. முத்துக்குளிப்பின் பொற்காலத்தில், சிலாவத்துறைக்கும் மரிச்சுக்கட்டிக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் பருவத்துக்குப் பருவம் ஒரு நகரமே முளைக்கும். 1905இல் அள்ளிய சிப்பிகள் சுமார் 8 கோடி. சிப்பியைக் கத்தியால் பிளந்துகொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. வேலியடைத்த தொட்டிகளில் குவித்து, சதை அழுகிப் புழுத்துக் கரையும்வரை நாட்கணக்கில் விட்டு, பிறகு கழுவி அரித்தெடுப்பார்கள். அந்தத் துர்நாற்றத்தைப் பற்றி எழுதாத பயணி இல்லை. உலகத்து அரசிகளின் கழுத்தை அலங்கரித்த முத்து, அப்படித்தான் இந்த மண்ணிலிருந்து போனது. முத்தை மட்டும் எழுதி நாற்றத்தை வெட்டிவிடுவது சரித்திரத்தில் பலரும் செய்த வேலைதான். அதனால் நான் செய்தது சரியாகிவிடாது.

* * *

எலெனா நம் பக்கமும் வந்திருக்கிறார். 2008இல் வெளிவந்த 'பருவமழைக்குப் பின் ஒரு தோட்டம்' கேரளத்தை எண்ணிச் செய்தது. ஏலம், கொத்தமல்லி, இஞ்சி, மிளகு, வெட்டிவேர். கேரளம் என்றதும் எவரும் எதிர்பார்க்கும் சந்தனத்தையும் மல்லிகையையும் தள்ளிவைத்துவிட்டு, மழை விட்ட பிறகு தாவரங்களும் நிலமும் விடும் மூச்சைத் தேடிப் போயிருக்கிறார். கொழும்பில் ஒரு கடையில் நண்பர் தயவால் அதை முகர்ந்து பார்த்தேன். 2022 தொடக்கம் அது. அப்போது என் மூக்குப் பாதிதான் திரும்பியிருந்தது. கராம்பு வந்துவிட்டது, எலுமிச்சை வந்துவிட்டது. ரோஜா மட்டும் கருகிய றப்பராக மணத்தது. அந்தத் தாள்நுனியில் எனக்குக் கிடைத்தது குளிர்ச்சி ஒன்றுதான். மழைக்குப் பின் என்று சொன்னால் நம்பலாம். எந்த ஊர் மழை என்று சொல்ல முடியவில்லை.

2024 ஒக்டோபரில் மன்னாருக்குப் போனேன். 2010இல் திறந்த புதிய பாலத்தைக் கடந்து, காற்றாலைகள் சுழலும் தீவுக்குள் பேருந்து நுழைந்தபோது கருவாட்டு மணம் வந்தது. முழுமையாக வந்தது. பக்கத்திலிருந்த பெண் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்தினார். நான் யன்னலை இன்னும் அகலத் திறந்தேன். எருக்கலம்பிட்டியில் வீடுகளில் மறுபடியும் ஆட்கள் இருக்கிறார்கள். பள்ளிவாசலில் பாங்கு கேட்கிறது. அத்தர் நானா திரும்பவில்லை. 2004இல் புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார் என்று பிறகு அறிந்திருந்தேன்.

பின்னேரம் மழை வந்தது. பருவத்தின் முதல் மழை இல்லை. ஆனாலும் சில நாள் வெயிலுக்குப் பிறகு வந்த மழை. வீதியோரத்துக் கடைத் தாவாரத்தில் ஒதுங்கினேன். மணல் கருத்தது. ஏதோ மணத்தது. மூக்கால் உணர்ந்தேனா, 1997இன் காலிக் குப்பியிலிருந்து நினைவால் எடுத்தேனா என்று எனக்கே நிச்சயமில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று எலெனா சொல்லக்கூடும். அவர் வாசனைக் கலைஞர். அவருக்கு அது சரி. நான் செய்திக்காரன். எனக்கு அந்த வித்தியாசம் முக்கியம். ஆகவே நிச்சயமில்லை என்றே பதிகிறேன்.

நிச்சயமானது ஒன்று உண்டு. அன்று வெட்டிய பந்தியின் கையெழுத்துப் பிரதி என்னிடம் இல்லை. தகவல்கள் இருக்கின்றன. இருபத்தெட்டு ஆண்டுகள் பிந்தி, இதோ அந்தப் பந்தி:

"எருக்கலம்பிட்டியிலிருந்து வெளியேற்றப்பட்ட அத்தர் வியாபாரி ஒருவர் இம்முகாமில் மனைவியோடும் இரண்டு பேரப்பிள்ளைகளோடும் வசிக்கிறார். அவருடைய அத்தர்ப் பெட்டி ஊரிலேயே விடுபட்டுப் போனது. காலியான குப்பி ஒன்றை மட்டும் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். அதில் மழை நனைந்த மண்ணின் மணம் இன்னும் எஞ்சியுள்ளது. ஊரில் மழை பெய்துவிட்டதா என்று அவர் எமது செய்தியாளரிடம் கேட்டார்."

பெய்துவிட்டது, நானா.